திரும்பி வரும் மகனுக்கு நிபந்தனை இடலாமோ?

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்தபின், ஒரு தாயும் தந்தையும் நம்மைத் தேடி வந்தனர். அவர்களுடைய மூத்த மகன் குடிநோய்க்கு ஆளாகி, ஈராண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டு வெளியேறியவன். மறுவாழ்வு நிலையத்தில் சிகிச்சை முடித்து, "வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டிருக்கிறான். தாய் கண்ணீர் வடித்தார். தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சுவாமி, இன்னின்னபடி நடந்தால்தான் வீட்டில் இடம் என்று சொல்வது பாவமா? ஊதாரி மைந்தனின் தந்தை ஒரு நிபந்தனையும் இடவில்லையே!"

நல்ல கேள்வி. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை அவர்களோடு மீண்டும் வாசித்தோம். அத்தந்தை தொலைநாட்டுக்குப் பணம் அனுப்பவில்லை. மகனுடைய கடனை அடைக்கவில்லை. மகன் பசியில் அறிவு தெளிந்து, வேலையாளாய் இருக்கவும் மனமிசைந்து வந்தான். அவனை ஓடிச் சென்று தழுவிய தந்தை, தம் உடைமையெல்லாம் மூத்தவனுடையதே என்பதையும் மறக்கவில்லை. அன்புக்கு நிபந்தனை இல்லை. ஆனால் ஒரே கூரையின்கீழ் பலர் வாழ்வதற்கு ஒழுங்கு தேவை.

அந்த ஒழுங்கு எத்தகையதாய் இருக்க வேண்டும்? "இனித் தொடமாட்டேன்" என்று தாயின் தலையிலடித்து ஆணையிடச் செய்வது நம் வழக்கம். நாமும் பீடத்தின்முன் அத்தகைய ஆணைகளை வாங்கியதுண்டு. அவற்றுள் பல முறிந்தன, முறித்தவன் வெட்கத்தால் நம் கண்ணில் படாமல் ஒளிந்தான், மீண்டும் குடித்தான். குடி ஒரு நோய். சறுக்கல் அந்நோயில் அடிக்கடி நேர்வது. எனவே மகனுடைய ஆசையின்மீது அன்று, கண்ணால் காணத்தக்க செயல்களின்மீதே நிபந்தனை அமைய வேண்டும்.

அன்று ஒரு தாளில் ஐந்தே வரிகள் எழுதினோம். மது வீட்டுக்குள் வரலாகாது. குடித்த நிலையில் அவனும் வரலாகாது. மருத்துவர் குறித்த நாளில் மறுபார்வைக்குச் செல்ல வேண்டும், வாரந்தோறும் ஏ.ஏ. கூட்டத்துக்கும் செல்ல வேண்டும். அவன் கடனைப் பெற்றோர் அடைக்கமாட்டார்கள். கை ஓங்குதலும் வசைமொழியும் கூடா. பத்தாம் வகுப்பில் படிக்கும் தங்கை அச்சமின்றி உறங்க வேண்டும். ஐந்தாவது, சறுக்கினால் அவனே சொல்ல வேண்டும். சொன்னால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வர். மறைத்தாலோ, அடித்தாலோ, வேறிடத்தில்தான் தங்க வேண்டும்.

"இவற்றை அவன் காப்பானா?" என்றார் தந்தை. "முதலில் நீங்கள் காப்பீர்களா?" என்று கேட்டோம். அப்பொழுது தாய் தலைகுனிந்து, அவன் கடனுக்காகத் தம் சங்கிலியைக் கணவர் அறியாமல் அடகு வைத்ததைச் சொன்னார். இரகசியமாய்ப் பணம் தருவதில்லை என்று அவரும், பழையதைக் குத்திக் காட்டுவதில்லை என்று தந்தையும் அத்தாளிலேயே எழுதினர்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். நாள்தோறும் மிகுதியாய்க் குடிப்பவனை, "இன்றே நிறுத்து" என்று அறையில் பூட்டாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வை வேண்டும். குடியை மறக்கச் செய்யும் என்று விற்கப்படும் பொடிகளை உணவில் இரகசியமாய்க் கலப்பதும் ஆபத்தானது.

உதவி தொலைவில் இல்லை. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கிய ஏ.ஏ. இயக்கத்தின் கூட்டங்கள் நம் நகரங்களிலும் நடைபெறுகின்றன. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென 1951இல் தோன்றிய அல்-அனான் இயக்கமும் உண்டு.

மகன் பாஸ்குவுக்கு முந்திய வாரம் வீடு வந்தான். மூன்றாம் மாதம் சறுக்கினான். ஆனால் இம்முறை ஒளியவில்லை. வாசலுக்கு வெளியே நின்று, "அப்பா, இன்று குடித்துவிட்டேன்" என்றான். தந்தை ஏசவில்லை, அழவுமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அந்த இரவில் தமக்குத் துணைநின்றது அத்தாளே என்று பின்னர் நம்மிடம் கூறினார்.

பெற்றோரே, உங்கள் மகன் திரும்பி வர விரும்பினால் கதவைத் திறவுங்கள். திறக்குமுன், கணவனும் மனைவியும் ஒரு மேசையில் அமர்ந்து, உங்களால் காக்க இயலும் ஐந்து வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்.