புதர் மறைத்த பலகை

சாலையோரப் பலகைகள் வாய் பேசா வழிகாட்டிகள். முக்கோணம் எச்சரிக்கும், சிவப்பு வளையம் தடை சொல்லும், நீல வட்டம் கட்டளையிடும். மழைக்குப் பின் சீமைக் கருவேலமும் கொடிகளும் வளர்ந்து இவற்றை மறைத்துவிடுகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். பள்ளி இருப்பதைக் காட்டும் பலகை இலைகளுக்குள் இருந்தால், ஓட்டுநர் எப்படி வேகத்தைக் குறைப்பார்?

புதரை வெட்ட வேண்டியவர் யார்? நகரத் தெருவுக்கு நகராட்சி. கிராமத் தெருவுக்கு ஊராட்சி. மாநில நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை. சாலையைத் தரப்படி பராமரிக்கத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அபராதம் போன உயிரைத் தராது. வருமுன் காப்பதே அறிவு. ஆகவே தோழியரே, மறைந்த பலகையைக் கண்டால் சாலையின் பெயரையும் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் குறித்துப் பெற்றோர் மூலம் உடனே மனு கொடுப்போம்!