குன்றுநிலத்திற் கோல்ப்

கோலினாற் சிறுபந்தை அடித்து, இயன்றவரை குறைந்த அடிகளிற் குழியில் வீழ்த்துவதே கோல்ப் ஆட்டமாகும். குன்றுநிலத்தில் இஃது எங்ஙனம் ஆடப்படுகின்றது என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

இத்தாலியில், உரோமாபுரிக்கு அயலேயுள்ள மார்க்கோ சிமோனே என்னுந் திடல், பழங்கோட்டையொன்றை அடுத்து ஏற்றமும் இறக்கமுமாக அமைந்தது. இத்தகைய நிலத்திற் பந்தின் போக்கைச் சரிவே வகுக்கும். வலக்கை ஆட்டக்காரரின் பாதங்களிலும் உயரத்தே கிடக்கும் பந்து, அடித்தபின் இடப்புறம் வளையும். தாழக் கிடப்பது வலப்புறம் ஒதுங்கும். ஏற்றத்தை நோக்கி அடித்தது உயர எழுந்து அண்மையில் வீழும். இறக்கத்தை நோக்கி அடித்தது தாழப் பறந்து நெடுந்தூரம் உருளும். ஆதலின் தோள்வலியினும் நிலமறியும் மதியே இங்கு வேண்டப்படுவதாம்.

2023ஆம் ஆண்டு ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் இத்திடலில் றைடர் கிண்ணத்துக்காகப் பொருதன. முதனாட் காலையில், இருவர் ஒரே பந்தை மாறிமாறி அடிக்கும் ஆட்டங்கள் நடைபெற்றன. அவை நான்கையும் வென்ற ஐரோப்பியர், ஈற்றில் 16½க்கு 11½ எனக் கிண்ணத்தைக் கைக்கொண்டனர்.

இவ்வகை ஆட்டத்தில் ஒருவர் அடித்த பந்து நின்ற இடத்திலிருந்தே துணைவர் அடித்தல் வேண்டும். எனவே, நெடுந்தூரம் அடித்துப் புகழ் பெறுவதினும், பின்வருவோன் காலூன்றி நிற்கத்தக்க நல்ல நிலத்திற் பந்தை விட்டுச் செல்வதே சிறப்பாகும். இதனை நம் மாணவர் மனங்கொள்வாராக.