ஈத்தூண்டிலாளரின் பொதி

மீன்பிடிக்கும் முறைகளுள் ஈத்தூண்டில் தனித்தன்மை உடையது. புழுவையோ சிறுமீனையோ முள்ளில் கோத்து எறிபவருக்கு ஈயக்குண்டு துணைநிற்கிறது. குண்டு முன்னே பறக்கும். நரம்பு அதன் பின்னே இழுபட்டுச் செல்லும். இங்கோ, இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயின் எடை ஒரு கிராமின் நூறில் சில பங்கே. அதைத் தனியே எறிந்தால் காலடியிலேயே விழுந்துவிடும். ஆகவே எறிவதற்கு வேண்டிய எடையைக் கயிற்றிலேயே ஏற்றிவிட்டார்கள். 5 என எண்ணிட்ட கயிற்றின் முதல் 30 அடி, அதாவது 9.14 மீட்டர், 140 கிரெயின் எடை கொண்டிருக்க வேண்டும் என்பது 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கருவி உற்பத்தியாளர்கள் வகுத்த அளவுமுறை. நம் கணக்கில் 9 கிராமுக்குச் சற்று மேல். கோல் வளைந்து நிமிரும்போது இந்த 9 கிராமின் உந்தம் கண்ணியாய் உருண்டு முன்செல்ல, அதன் நுனியில் ஈ ஏறிப் போய் நீரில் மெல்ல இறங்குகிறது.

இத்தனை நொய்ம்மையான எறிதலுக்குப் புறப்படுபவரின் தோளைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். முன்னும் பின்னும் பைகள் தைத்த அரையங்கி, ஆறேழு ஈப்பெட்டிகள், நரம்புச் சுருள்கள், மெழுகுகள், பொடிகள், கத்தரிகள், குண்டுகள். பல பைகள் கொண்ட இந்த அங்கியை 1930களின் தொடக்கத்தில் தைத்து வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான லீ உல்ஃப் என்பர். பையை அவர் தந்தார். அதை நிரப்பும் வேலையைப் பின்வந்தோர் தாமே ஏற்றுக்கொண்டனர். எதை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அச்சமே விடை சொல்கிறது: ஒருவேளை இது தேவைப்பட்டால்? என் கருத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பொருள் ஆற்றைப் பற்றி எனக்கு ஏதேனும் சொல்லுமா, அல்லது மீனுக்கும் எனக்கும் இடையே நிகழும் இயற்பியலில் ஏதேனும் ஒன்றை மாற்றுமா? இரண்டும் இல்லையென்றால் அது வீட்டிலேயே இருக்கலாம்.

ஈப்பெட்டியிலிருந்து தொடங்குவதே முறை. சுமையின் கதையே அங்குதான் பிறந்தது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனியர் முள்ளில் செந்நிறக் கம்பளி சுற்றி இறகு வைத்து மீன்பிடித்ததைப் பதிவு செய்கிறார். கோல் ஆறடி, கயிறும் ஆறடி, ஈ ஒரே வகை. 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களைத் திங்கள் வாரியாக வகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாம்சயர் மாவட்டத்துச் சுண்ணாம்பு ஆறான டெசுட்டின் கரையில் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டு, ஒவ்வொரு பூச்சி இனத்துக்கும், அதிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, நிறம் பிசகாமல் ஈ கட்டும் நெறியை நிறுவினார். அவரே பின்னாளில், 1910இல் வெளிவந்த நூலில், தம் பட்டியலை 33 ஆகச் சுருக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுதும் ஈக்களை வகைப்படுத்தியவரே குறைத்தார் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. இருந்தும் 33 என்பதை நான் மிகை என்றே சொல்வேன்.

அதே 1910இல், அருகிலுள்ள இட்சென் ஆற்றில் மீன்பிடித்த வழக்குரைஞர் சுகூசு, ஹால்ஃபோர்டின் நெறியை மறுத்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் பையில் இருந்த ஒரு கருவி என்னை ஈர்க்கிறது. எலும்பு மச்சையை வழித்தெடுக்க விருந்து மேசையில் வைக்கும் நீண்ட, ஒடுங்கிய கரண்டி அது. பிடித்துக் கொன்ற ட்ரவுட் மீனின் தொண்டை வழியே கரண்டியைச் செலுத்தி, திருகி எடுத்து, நீர் நிரம்பிய சிறு வெண்கிண்ணத்தில் அலசுவார். கரிய கூழ் மெல்லப் பிரியும். சிறகு விரியாத, மூன்று வால் மயிர் கொண்ட, ஒலிவப் பச்சை நிறத்து இளம்பூச்சிகள் ஒவ்வொன்றாய்க் கிண்ணத்தில் மிதந்து பரவும். நீர்ப்பரப்பில் வட்டமிட்டு எழும் மீன் மேலே மிதக்கும் ஈயைத்தான் உண்கிறது என்று எல்லோரும் நம்பிய இடத்தில், அது பரப்புக்கு ஓரங்குலம் கீழே உண்கிறது என்று அந்தக் கிண்ணம் காட்டியது. ஒரு கரண்டி ஒரு பெட்டி ஈக்களுக்கு ஈடாயிற்று. மீனை உயிரோடு விட்டுவிடும் இக்காலத்தில் கரண்டியின் இடத்தைச் சல்லடைத் துணி கொள்ளலாம். உள்ளங்கை அகலத் துணியை ஓட்டத்தில் ஒரு நிமிடம் பிடித்தால், அன்று ஆற்றில் எது மிதந்து வருகிறது என்பது அதில் ஒட்டிக்கொள்ளும். எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை.

அங்ஙனம் ஒட்டுபவற்றுள் முதன்மையானவை மே ஈக்கள். நீருக்கடியில் இளம்பூச்சியாக மாதக்கணக்கில் வாழ்ந்து, பரப்புக்கு வந்து தோலுரித்துச் சிறகு பெற்று, கரையேறி மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி வேறில்லை. வளர்ந்த மே ஈக்குச் செயல்படும் வாய் கிடையாது. கூடி முட்டையிட்டு மடிவதே அதன் எஞ்சிய வேலை. மீனின் நோக்கில் இனப்பெயரைவிட நிலையே பெரிது: அடியில் ஊர்வதா, பரப்பை முட்டுவதா, மிதப்பதா, செத்துச் சிறகு பரப்பிக் கிடப்பதா? நிலைக்கு ஒன்றாக நான்கு வடிவம், வடிவத்துக்கு இரண்டு மூன்று பருமன் என்று வைத்தால் சட்டைப் பையில் அடங்கும் ஒரு பெட்டி போதும். ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் இதை இன்னும் நெருக்கிப் பிழிந்தார். நூலே இல்லாமல், மயிரிழைச் செப்புக்கம்பியால் ஃபெசன்ட் கோழியின் வாலிறகிழைகளை முள்ளில் சுற்றினார். கம்பியே எடை, கம்பியே கட்டு, கம்பியே பளபளப்பு. பல இனங்களின் இளம்பூச்சிக்கு அந்த ஒன்றே நின்றது, இன்றும் நிற்கிறது.

மிதக்கும் ஈக்கு மட்டும் ஒரு துணைப்பொருள் தவிர்க்க முடியாதது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். இறகிழைகள் நீரைத் தொடும் கோட்டின் மொத்த நீளம் ஒரு சென்டிமீட்டர் என்றால் அது அதிகமாய்த் தாங்கக்கூடிய எடை ஏறத்தாழ 0.07 கிராம். ஈயின் எடையோ அதைவிடக் குறைவு. எனவே இழைகள் நனையாதவரை ஈ மிதக்கும். நனைந்த கணமே அந்தக் கணக்கு உடைந்து மூழ்கும். நீரை விலக்கும் சிலிக்கோன் பசை ஒரு துளி இந்தக் கணக்கைக் காக்கிறது. சுண்டுவிரல் பருமன் குப்பி நாள் முழுதுக்கும் காணும். ஆனால் வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்த மென்தூவியால் கட்டிய ஈக்குப் பசை பகை. நுண்கிளைகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்தே அத்தூவி மிதக்கிறது, பசையோ கிளைகளை ஒட்டிவிடும். அதை வாயால் ஊதி உலர்த்தினால் போதும்.

அடுத்து, கயிற்றுக்கும் ஈக்கும் இடையில் வரும் நுனிநரம்பு. இதைப் பற்றித்தான் கடைகளில் மிகுதியாகப் பேசுவார்கள், பேச வேண்டியதும்தான். நரம்பின் பருமனைக் குறிப்பது எக்ஸ் எண்: 0.011 அங்குலத்திலிருந்து அந்த எண்ணை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகக் கழித்தால் விட்டம் கிடைக்கும். 5 எக்ஸ் என்பது 0.006 அங்குலம், அதாவது 0.15 மில்லிமீட்டர், 3 எக்ஸ் 0.20 மில்லிமீட்டர். நரம்பின் வலிமை விட்டத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். வளையாமல் விறைத்து நிற்கும் தன்மையோ நான்குபடிக்கு ஏற்ப. ஆகவே 3 எக்ஸிலிருந்து 5 எக்ஸுக்கு இறங்குபவர் வலிமையில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை இழக்கிறார். விறைப்பிலோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. மெல்லிய நரம்பு மீனின் கண்ணுக்குத் தப்புவதால்தான் பயன் தருகிறது என்று பலர் கருதுகின்றனர். அதில் ஓரளவே உண்மை. விறைத்த நரம்பு ஈயை ஓட்டத்துக்குக் குறுக்கே இழுக்கும். குழைந்த நரம்பு அதனைத் தன்போக்கில் மிதக்கவிடும். இயற்கை ஈ எதுவும் ஆற்றுக்குக் குறுக்கே கோடு கிழித்து ஓடுவதில்லை என்பதை ட்ரவுட் நன்கறியும். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் எண் கிடைக்கும் என்பது பழகியோர் கணக்கு: 16ஆம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ். 4, 5, 6 என மூன்று சுருள்கள் எடுத்தால் சிற்றாறுகளுக்கு மிகையே தவிரக் குறைவில்லை.

மீன் எதைக் காண்கிறது என்பதையும் இங்கே பார்த்துவிடலாம், ஏனெனில் அது ஆடையைத் தீர்மானிக்கிறது. நீரிலிருந்து வெளியேறும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் 48.6 பாகை. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே 34 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. வட்டத்துக்கு அப்பால் நீர்ப்பரப்பு ஆற்றடியைக் காட்டும் ஆடியாகிறது. அடிவானை ஒட்டியவை எல்லாம் வட்ட விளிம்பில் நசுங்கி மங்கித் தெரியும். பத்து மீட்டர் தொலைவில் தலை 1.7 மீட்டர் உயரத்தில் இருக்க நிற்பவர் ஏறத்தாழ 10 பாகை எழுந்து தோன்றுகிறார். மண்டியிட்டுத் தலையை ஒரு மீட்டருக்கு இறக்கினால் 6 பாகைக்கும் கீழே. அந்தச் சாய்வில் அவரிடமிருந்து செல்லும் ஒளியில் பாதிக்கு மேல் நீர்ப்பரப்பிலேயே எதிரொளித்துப் போய்விடும். மர நிறத்துச் சட்டை நல்லதே. முழங்காலுக்கு ஒரு தடித்த பட்டை அதைவிட நல்லது.

நாம் மீனைக் காண வேண்டுமே? அதற்குத் தளவிளைவுக் கண்ணாடி. நீரில் பட்டு எதிரொளிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைத்தளத்தில் அதிர்கிறது. செங்குத்திலிருந்து 53 பாகைச் சாய்வில் முற்றிலுமே. 1.7 மீட்டர் உயரத்துக் கண்ணுக்கு அது ஏறத்தாழ 2.3 மீட்டர் தொலைவிலுள்ள நீர். அங்கே கூசொளி முழுதாய் மறைந்து அடிக்கல் தெரியும். தொலைவு கூடக் கூடப் பயன் குறையும். மீன் நிற்கும் இடம் தெரிந்தவருக்குப் பாதி ஈக்கள் தேவைப்படா. விசையோடு விலகிப் பாயும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் இதுவே. எடுக்க மறந்தால் திரும்பி வந்து எடுத்துப் போகத் தகுந்த ஒரே பொருள் இது என்பேன்.

ஆழத்துக்கு இறக்கும் குண்டுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஈயத்தை விழுங்கி அன்னங்கள் நஞ்சேறி மடிந்ததால் 1987இல் இங்கிலாந்து சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை விதித்தது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.3, ஈயத்துக்கு 11.3தான். மணியாக ஈயிலேயே கோத்துக் கட்டிவிட்டால் தனிக்குண்டுப் பெட்டியும் வேண்டா.

கயிற்றைச் சுருட்டும் உருளையையே துறந்தவர்களும் உண்டு. சப்பானின் மலையோடைகளில் மீன்பிடித்து விற்று வாழ்ந்தோர் கையாண்ட டென்காரா முறையில் நீண்ட கோல், அதன் நுனியில் நேரே கட்டிய கயிறு, முன்னோக்கி விரிந்த இறகுடைய ஈ, அவ்வளவே. ஈயை மாற்றுவதைவிட அதை நடத்தும் கையை மாற்றுவர். ஏலியன் கண்ட மாசிடோனியரின் கோலுக்கும் இதற்கும் இடையே வேறுபாடு சிறிது. குறுகிய, பாறை நிறைந்த ஓடைக்கு இதனினும் பொருத்தமானது இல்லை. இட்சென் போன்ற அகன்ற, அமைந்த ஆற்றில் பெரிய மீன் ஓடத் தொடங்கினால் விட்டுக்கொடுக்கக் கயிறு இராது. சுமையின் அளவை ஆறே முடிவு செய்கிறது.

நீரில் இறங்குபவர் எடை பார்க்கக்கூடாத பொருள்கள் இரண்டு: ஊன்றுகோல், நீர்க்காற்சட்டையின் மேல் இறுக்கும் இடைவார். நொடிக்கு ஒரு மீட்டர் விரையும் நீர் தொடையளவு ஆழத்தில் கால்களைத் தள்ளும் விசை ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்கு நிகர். விரைவு ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு. அதே வேளையில் மிதப்புவிசை உடலைத் தூக்கிக் காலின் பிடியைத் தளர்த்துகிறது. மூன்றாவது கால் ஒன்று இருப்பது அப்போதுதான் அருமையாகத் தெரியும். நரம்பு வெட்டி, முள் எடுக்கும் இடுக்கி, முடிச்சில்லாத இரப்பர்க் கைவலை ஆகியவை ஒன்றொன்று போதும். முள்ளின் பின்னோக்கிய சிறுபல்லை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கிவிட்டால் அந்த இடுக்கிக்கும் வேலை பாதியாகும்.

காலணியின் அடியில் ஒட்டும் கம்பளித்தோல் வழுக்குப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். ஆயினும் ஈரம் உலராமல் உயிர்களைச் சுமந்து ஆறு விட்டு ஆறு கொண்டுபோகும். 2004இல் நியூசிலாந்தின் தென்தீவில் டிடைமோ என்னும் பாசி கண்டறியப்பட்டது. 2008இல் அந்நாடு கம்பளியடிக் காலணியைத் தடை செய்தது. இரப்பர் அடியே தக்கது. வீடு திரும்பியதும் கழுவி முற்றிலும் உலர்த்தவும் வேண்டும்.

கடைசியாக வெப்பமானி. சுண்ணாம்பு ஆறுகள் நிலத்தடியிலிருந்து ஆண்டு முழுதும் 10, 11 பாகை செல்சியசிலேயே ஊறுவதால் ஹாம்சயரில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். மழைநீர் ஓடைகளில் அது தீர்ப்பு சொல்லும். 10 பாகை நீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்க வல்லது. 20 பாகையில் 9.1 மட்டுமே. வெப்பம் ஏற ஏற மீனின் தேவை கூடுகிறது, இருப்பு குறைகிறது. 20 பாகையைத் தொட்ட நீரில் போராடிக் களைத்த ட்ரவுட், விட்டபின் நீந்திச் சென்றாலும் பிழைக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் அக்கறையுள்ளோர் அங்கே நிறுத்திவிடுவர். மேற்சொன்ன உயிர்வளி அளவுகள் கடல்மட்டத்துக்கு உரியவை. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இல் ட்ரவுட் குஞ்சுப்பண்ணை அமைந்தது முதல் அம்மலை ஓடைகளில் வானவில் ட்ரவுட் வாழ்ந்துவருகிறது. அவற்றுள் பல காப்புக்காட்டுக்குள் ஓடுவதால் இசைவின்றி இறங்கலாகாது. அங்கே 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கரையும் உயிர்வளியும் அதே அளவு குறையும். 15 பாகை நீர் அங்கே ஏற்பது 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் கீழே. கடல்மட்டத்தில் 20 பாகை நீர் ஏற்பதைவிடவும் அது குறைவு. வானவில் ட்ரவுட் சற்று வெம்மை தாங்கும் இனந்தான். இருந்தாலும் அம்மலையில் இசைவு பெற்று மீன்பிடிப்பவர் 18 பாகையிலேயே கோலை மடக்கிவிடலாம். நண்பகலுக்கு முன்பே அது நேர்ந்தாலும் சரி.