பச்சைச் சுவரும் என் அவசரமும்



மாமனார் தவறிய பிறகு என் மாமியார் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். இருந்த இரண்டு அறையில் அவருக்கென்று இடமில்லை. 2022-ல் சீட்டுப் பணத்தை எடுத்து, பின்பக்கம் 10-க்கு 12-ல் ஒரு அறை கட்டினோம். உள்பூச்சு முடிந்தபோது தீபாவளிக்குப் பதினாறே நாள்தான் பாக்கி. பணம் போதாததால் வெளிப்பக்கம் பூசவில்லை, செங்கல் அப்படியே தெரிந்தது.

தீபாவளிக்கு நாத்தனார் வருகிறாள். "எங்கம்மாவை மூளிச் சுவத்துக்குள்ள படுக்க வெச்சிருக்கீங்க"ன்னு சொல்லிவிடுவாளோ என்று எனக்கு ஒரே உறுத்தல். மூன்று நாள்தான் சுவருக்குத் தண்ணீர் விட்டோம். பெயின்டரைக் கூப்பிட்டு, "நாலு நாளில் முடிச்சுக் குடுங்க" என்றேன். அவரும் வேலை வந்தால் போதும் என்று தலையாட்டினார்.

அத்தை மட்டும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்து, "ஏம்மா, சுவரு இன்னும் பச்சையா இருக்கே. எங்க காலத்துல முதல் வருஷம் வெறும் சுண்ணாம்புதான் அடிப்போம்" என்றார். "இப்பல்லாம் அப்படி இல்லை அத்தை" என்று வாயை அடைத்துவிட்டேன். பட்டி, பிரைமர், இளம்பச்சை எமல்ஷன் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய். நாத்தனார் பார்த்து, "நல்லாயிருக்கு அண்ணி" என்றபோது என் காலே தரையில் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வைக்கப் போனால், மேற்குச் சுவர் முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளம். விரலால் தொட்டால் தோலாக உரிகிறது. உரிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு. அறை முழுக்க ஓத வாடை. அத்தை ராத்திரி இருமுவது கேட்டு, பனிக்காலம்தானே என்று இருந்துவிட்டேன். நாலு நாளாகவே பாயை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய்ப் படுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுமாம். சுவருக்குச் செலவழித்த பணத்தை விட இதுதான் என்னைச் சுட்டது.

அதன் பிறகுதான் மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து விவரம் கேட்டேன். சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும், அப்போதுதான் இறுகும். பிறகு காய விட வேண்டும். பூசியதிலிருந்து 28 நாள் பொறுத்துத்தான் பெயின்ட், மழைக்காலமென்றால் இன்னும் கூட. புதுச் சிமென்டில் காரம் அதிகம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து பெயின்டைத் தள்ளிவிடும். எங்களுக்கோ வெளியே பூசாத செங்கல், மழையை எல்லாம் குடித்துக்கொண்டிருக்கிறது! உள்ளே எத்தனை கோட் அடித்து என்ன பயன்?

அத்தையை எங்கள் அறைக்கு மாற்றினோம். நானும் பிள்ளைகளும் கூடத்தில். தையில் வெளிப்பூச்சு போட்டு, ஏழு நாளும் காலை மாலை நானே தண்ணீர் அடித்தேன். உள்ளே இளகியதை எல்லாம் பட்டித் தகட்டால் சுரண்டினேன். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரத் துணி போட்டால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

மாசி கடைசியில், ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை வேர்த்திருந்தது. இன்னும் பதினைந்து நாள் பொறுத்தேன். பங்குனியில் பொட்டு ஈரம் இல்லை.

இந்த முறை கூலிக்கு ஆள் வைக்கப் பணமும் இல்லை, நானே இறங்கினேன். வெள்ளைச் சிமென்ட் பட்டிக்கு மட்டும் சுவரை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழைக்க வேண்டும், இரண்டு மூன்று மணியில் இறுகிவிடும். மெல்லிசாக இரண்டு தடவை இழுத்தேன். கையுறை இல்லாமல் முதல் நாள் குழைத்ததில் விரலெல்லாம் வெந்துபோயிற்று. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டாவிட்டால் தொலைந்தோம், அத்தனை தூசு. மேடு பள்ளம் பகலில் தெரியாது. ராத்திரி ஒரு பல்பைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் சின்னக் கீறல் கூடக் காட்டிக் கொடுக்கும். பல்பைப் பிடித்தது அத்தைதான். "இந்தா, இங்க ஒண்ணு" என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார்.

தூசைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட். மறுநாள் எமல்ஷன், காய விட்டு இரண்டாவது கோட். மூலைக்குப் பிரஷ், மற்ற இடத்துக்கு ரோலர். தரையில் பழைய சேலைகளை விரித்துவிட்டேன்.

நிறம் அத்தை சொன்னதுதான், சந்தன நிறம். அதற்குப் பிறகு வந்த ஐப்பசி மழையில் தினமும் காலையில் மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். அத்தை கட்டிலில் இருந்தபடியே, "நான் பாத்துட்டேன், காஞ்சுதான் இருக்கு. போய் காபியைப் போடு" என்பார்.

- ஒரு வாசகி, திண்டிவனம்