இணையத் தேடலும் தொடர்வாசிப்பும்: பட்டினப்பாலையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக உருப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழந்தமிழ் நூல்களை ஆய்வாளர் இருக்கும் இடத்திற்கே கொண்டுவந்தன. நூல் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், அதனை இடையறாது படிக்கும் பழக்கம் எந்நிலையில் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிதறும் கவனம்

கணினியில் பணிபுரிவோரின் கவனத்தைக் குளோரியா மார்க் நெடுங்காலமாக அளந்து வருகிறார். 2004ஆம் ஆண்டளவில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்த கவனம், பிந்தைய அளவீடுகளில் ஏறத்தாழ 47 நொடியாகக் குறைந்தது.

டெல்காடோவும் பிறரும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 54 ஆய்வுகளையும் 1,70,000க்கு மேற்பட்ட வாசகர்களையும் உள்ளடக்கியது. தாளில் படித்தோரின் புரிதல் திரையில் படித்தோரின் புரிதலைவிட மேம்பட்டிருந்தது. படிப்பதற்குக் கால வரையறை இருந்தபோது இவ்வேறுபாடு மிகுந்தது. தகவல் சார்ந்த பனுவல்களில் இது புலப்பட்டது. கதைப் பனுவல்களில் புலப்படவில்லை. ஆய்வாளர் நாளும் கையாள்வன பெரும்பாலும் முன்னைய வகையின என்பது கருதத்தக்கது.

தேடலில் மறைவது

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. பண்டைய வணிகம் குறித்து ஆராய்பவர் ‘கறி’ என்று தேடினால், மிளகு மூட்டைகளும் கடல்வழி வந்த குதிரைகளும் பிற பண்டங்களும் இடம்பெறும் அடிகள் உடனே கிடைக்கும். அவற்றை மட்டும் படிப்பவருக்கு அப்பாடல் துறைமுகப் பட்டியலாகவே தோன்றும்.

தொடர்ந்து படிப்பவரோ 218–220ஆம் அடிகளில் வேறொன்றைக் காண்பார். இத்துணைச் சிறப்புடைய பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் எனத் தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுகிறான். நகர வருணனை முழுதும் அம்மறுப்பிற்கு அடையாக நிற்கிறது. மறுப்பிற்கான காரணமோ, கரிகாலனின் வெற்றிச் சிறப்புகளைக் கடந்து, பாடலின் இறுதி மூன்று அடிகளிலேயே வெளிப்படுகிறது: அவன் வேலினும் கொடியது காடு; அவன் செங்கோலினும் குளிர்ந்தவை தலைவியின் தோள்கள். ஏறத்தாழ எண்பது அடிகள் நினைவில் தாங்கிய கவனமே இவ்விரு முனைகளையும் இணைக்கும். பாடல் பாலைத்திணைக்கு உரியதாவதும் அவ்விணைப்பினாலேயே விளங்கும்.

சொல்லடைவும் தேடுபொறியும்

சொல்லைத் தேடுதல் இணையத்தோடு பிறந்ததன்று. அச்சுச் சொல்லடைவுகளும் அப்பணியைச் செய்தன. ஆயினும் அவை பெரும்பாலும் அடி எண்ணையே சுட்டியதால், பொருள் காண நூலைத் திறக்க வேண்டியிருந்தது. முன்பின் அடிகளும் கண்ணிற்பட்டன. தேடுபொறி அடியையே எடுத்துத் தருவதால், நூலுக்குள் செல்லும் தேவை நீங்குகிறது. சொற்பயில்வு, பாட ஒப்பீடு போன்ற ஆய்வுகளுக்கு இது பெரும்பயன் தருவது. பொருள்கோளுக்கு மட்டும் போதாதது.

முடிவுரை

இணையம் வாசிப்பிற்குப் பகையன்று. தேடலை வாசிப்பாகக் கொள்வதே இடர். மேற்கோளாக எடுக்கப்படும் பாடலை உரையுடன் ஒருமுறையேனும் முழுமையாகப் படித்த பின்னரே தேடலில் இறங்குதல் ஆய்வேட்டின் நம்பகத்தன்மையைக் காக்கும். நெறியாளர்கள் மேற்கோளின் அடி எண்ணோடு, அவ்வடி பாடலில் யார் கூற்றாக, எதற்காக வருகிறது என்பதையும் மாணவரிடம் வினவுதல் இதற்கு எளிய வழியாகும்.