சொந்த ஊரில் விடுதி அறை

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் பக்கம் குடியேறிவிட்ட குடும்பங்களில் ஒரு பேச்சு எழும். "ஊருக்குப் போகலாம். ஆனால் எங்கே தங்குவது?" ஊர் என்பது பெரும்பாலும் வடக்கே ஏதோ ஒரு தோட்டம். அப்பாவோ அம்மாவோ பிறந்த லயம். அந்த லயம் இன்று இருக்காது. ரப்பர் மரங்கள் செம்பனையாகின, செம்பனை இருந்த இடத்தில் தாமான்கள் வந்தன. உறவினர்களெல்லாம் மூன்று அறை வரிசை வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே பிறந்த ஊருக்கே சுற்றுப்பயணிகள் போலப் போய், விடுதியில் அறை எடுக்க வேண்டியிருக்கிறது.

கடந்த விடுமுறையில் நாங்களும் அப்படித்தான் கெடா போனோம். கணவர், நான், ஐந்து வயது மகன், ஒன்றரை வயது மகள், என் அம்மா. அம்மா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். சுங்கைப்பட்டாணியில் மூன்று இரவு விடுதி வாசம். சின்னப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவலாம்.

ஊரிருக்க விடுதியா?

முதல் சிக்கல் பணமல்ல, மானம். "பொறந்த ஊருல போயி ஹோட்டல்ல படுக்கணுமா? உன் சின்னம்மா காதுல விழுந்தா என்ன நினைப்பா?" என்றார் அம்மா. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் வீடுகளில் விருந்தாளிக்கு அறையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதுதான் வழக்கம். விடுதியில் தங்குவதென்றால் "உன் வீடு எனக்குப் போதாது" என்று சொல்வது போல ஆகிவிடும்.

ஆனால் சின்னம்மா வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். ஒரே குளியலறை. எங்கள் மகளோ இரவில் இரண்டு முறையாவது விழித்து ஊரையே கூட்டுவாள். சின்னம்மாவின் மகள் ஆசிரியை, விடியற்காலையில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியவள்.

அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே அம்மாவைவிட்டுச் சின்னம்மாவிடம் பேசச் சொன்னோம். "ராத்திரி அழுகைக்கு மட்டுந்தான் ஹோட்டலு. சாப்பாடு உன் கையாலதான்" என்றார் அம்மா. மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படின்னா மூணு ராத்திரியும் இங்கதான் சாப்பிடணும். கடையில வாங்கித் தின்னீங்கன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. உறவினர் இருக்கும் ஊரில் அறை எடுப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். செய்தி மூன்றாம் ஆள் மூலம் போய்ச் சேரக்கூடாது. வயதில் மூத்தவர் வாயால், முன்கூட்டியே போக வேண்டும்.

நாள் பார்ப்பது முக்கியம்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிகளும் அரசாங்க அலுவலகங்களும் வழக்கம்போல இயங்கும். சிலாங்கூர்க்காரர்கள் சனி, ஞாயிறு என்று கணக்குப் போட்டுக் கிளம்பினால், நாம் ஓய்வாக இருக்கும் ஞாயிறன்று உறவினர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பள்ளித் தவணை விடுமுறையும் அங்கே ஒரு நாள் முன்னதாகத் தொடங்கும். ஆகவே வியாழன் மாலை போய்ச் சேருமாறு திட்டமிடுவதே உத்தமம்.

தைப்பூசக் காலத்தில் சுங்கைப்பட்டாணியில் அறை கிடைப்பது கடினம். செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நடக்கும் நாட்களிலும் அப்படித்தான். நாடெங்கிலுமிருந்து பெற்றோர்கள் வந்து குவிவார்கள்.

கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள். "மடியில வச்சிக்கிறேன்" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். திடீரென்று பிரேக் போட்டால் எவ்வளவு அன்பான கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. காரில் நீண்ட நேரம் உட்கார முடியாத பிள்ளைகள் என்றால் இடிஎஸ் ரயில் நல்ல மாற்று. சுங்கைப்பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் நிற்கும். பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு.

முன்பதிவில் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் "குடும்ப அறை" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். விடுதிக்கே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். எத்தனை கட்டில்? எத்தனை வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை? காலை உணவு எத்தனை பேருக்கு? குழந்தைக் கட்டில் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? பால் வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறதா? புகை பிடிக்காத அறைதானா? பாட்டி தாத்தா கூட வந்தால், குளியலறையில் பிடிமானக் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பேசி முடித்தபின், பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, "சரி" என்று ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வரிப் பதில்தான் எங்களைக் காப்பாற்றியது. இடையில் கதவு வைத்து இணைந்த இரண்டு அறைகள் தருவதாக விடுதியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாலை நான்கு மணிக்குப் போய் நின்றால், ஒன்று மூன்றாம் மாடியில், இன்னொன்று ஆறாம் மாடியில். அம்மா தனியாக ஒரு மாடியில், நாங்கள் ஒரு மாடியில். மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் தரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிவிட்டான். என் கணவர் குரலை உயர்த்தவில்லை. வாட்ஸ்அப் பதிலைக் காட்டி, "இது உங்கள் எண்தானே?" என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் ஐந்தாம் மாடியில் பக்கத்துப் பக்கத்து அறைகள் கிடைத்தன. இடையில் கதவு இல்லை. ஆனாலும் அம்மா சுவரைத் தட்டினால் எங்களுக்குக் கேட்கும்.

பணம் வாங்கிக்கொண்டு சொன்னதைக் கொடுக்காவிட்டால், விடுதியோடு பேசித் தீராவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். ரசீதும் எழுத்துப்பூர்வமான பதிலும் கையில் இருந்தால் போதும்.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

பெட்டியைத் திறப்பதற்கு முன் பெற்றோரில் ஒருவர் அறையைப் பிள்ளையின் உயரத்தில் பார்க்க வேண்டும். முட்டி போட்டுப் பாருங்கள், தெரியாததெல்லாம் தெரியும். சன்னல் எவ்வளவு திறக்கிறது? பால்கனி இருந்தால், அதன் அருகில் ஏறி நிற்கக்கூடிய நாற்காலி இருக்கிறதா? சுடுநீர்க் கெண்டியின் கம்பி மேசையிலிருந்து தொங்குகிறதா? எங்கள் அறையில் அந்தக் கம்பி சரியாக மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. கெண்டியை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினோம். குளியலறைச் சுடுநீரை முதலில் பெரியவர் கையால் தொட்டுப் பாருங்கள். அவசர வழி எந்தப் பக்கம் என்று பிள்ளையையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மகனுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

நீச்சல் குளத்தில் ஒரே விதிதான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர். பல விடுதிகளில் உயிர்காப்பாளர் கிடையாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமில்லாமல் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் நடந்துவிடும். காற்றடைத்த வளையத்தை நம்பிக் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். "நீ பார்த்துக்கொள்" என்று ஒருவர் மற்றவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் எழுந்து போக வேண்டும். இரண்டு பேரும் அடுத்தவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளும் நேரம்தான் ஆபத்தானது.

தூக்கம்தான் பெரும் சோதனை. எங்கள் மகள் தொட்டிலில் தூங்கிப் பழகியவள். விடுதியின் குழந்தைக் கட்டிலில் போட்டதும் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லவேளையாக, மடக்கக்கூடிய தொட்டில் தாங்கியையும் ஸ்பிரிங்கையும் காரில் போட்டு வந்திருந்தோம். அம்மா தன் பழைய கைலியைக் கட்டித் தொட்டிலாக்கினார். பத்து நிமிடத்தில் அறை அமைதியாகிவிட்டது. உங்கள் பிள்ளைக்கும் தொட்டில் பழக்கமென்றால் தாங்கியோடு எடுத்துச் செல்லுங்கள். திரைச்சீலைக் கம்பியிலோ கதவுச் சட்டத்திலோ கட்டாதீர்கள், அவை எடை தாங்கா.

அன்றிரவு தொட்டிலை ஆட்டியபடி அம்மா ஆயாக்கொட்டகை பற்றிப் பேசினார். விடியுமுன் பிரட்டுக்குப் போகும் பெண்கள் தூங்கும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார்களாம். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அத்தனைக்கும் ஒரே ஓர் ஆயா. ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தால் நான்கு தொட்டில் ஆடும்படி கட்டி வைத்திருப்பாராம். "உன்னைப் பெத்தப்போ நான் தோட்டத்தை விட்டு வந்துட்டேன். உன் பெரியம்மா பிள்ளைங்க எல்லாம் அந்தக் கயித்துல வளந்ததுதான்" என்றார். முப்பத்தாறு வயதுவரை நான் கேட்டிராத கதை. சின்னம்மா வீட்டுச் சத்தத்தில் அது வெளியே வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எங்கே கூட்டிப் போகலாம்?

காலை ஒன்று, மாலை ஒன்று. சின்னப் பிள்ளைகளோடு அதற்கு மேல் வேண்டாம். மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். விடுதிக்குக் கொடுக்கும் பணத்துக்கு முழுப் பயன் அந்த மதியத் தூக்கம்தான்.

மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்லியல் அருங்காட்சியகத்தைத் தமிழ்க் குடும்பங்கள் தவறவிடக் கூடாது. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வளாகத்தில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி 1930களில் குவாரிச் வேல்ஸ் என்பவரால் ஆராயப்பட்டு, பின்னர் அலஸ்டேர் லேம்ப் தலைமையில் மீண்டும் எழுப்பப்பட்டது. பக்கத்திலேயே ஓடை சலசலக்கும். மகனுக்கு ராஜேந்திர சோழனைவிடப் படிக்கட்டுகள்தான் பிடித்திருந்தன. பரவாயில்லை, பெயர் காதில் விழுந்தால் போதும். இதே பள்ளத்தாக்கில் 2013இல் இன்னொரு சண்டியின் எச்சம் மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்டது. இருப்பதையாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவது நல்லது.

அலோர் ஸ்டார் அருகே கெரியாங் மலைப்பக்கத்தில் நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. மேல்மாடியில் உட்கார்ந்தால் மேடை மெல்லச் சுழலும். சுற்றிலும் வட கொரிய ஓவியர்கள் தீட்டிய வயல்வெளி. ஒன்றரை வயதுக்காரிகூட வாயைப் பிளந்து பார்த்தாள். தஞ்சோங் டாவாயிலிருந்து பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகில் கடப்பதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை கிடைத்தால் மட்டும் ஏறுங்கள். லங்காவி போவதென்றால் கோலக்கெடாவிலிருந்து கப்பலில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே நல்லது.

தோட்டத்துக்குப் போன காலை

கடைசி நாள் காலை அம்மா பிறந்த தோட்டத்துக்குப் போனோம். தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் முகப்பில் காவலரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டோம். லயம் இருந்த இடத்தில் செம்பனை. பால் ஸ்டோர் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச்சாயம் பூசி நின்றது. வெளியூர் போனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்களாம்.

அம்மா கோயிலிலிருந்து அடி எண்ணி நடந்தார். ஓரிடத்தில் நின்று, "இங்கதான் எங்க வீட்டு அடுப்படி" என்றார். மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு எங்கே பாட்டி?" என்று கேட்டான். அம்மா அவனை அந்த இடத்தில் நிற்க வைத்து, "நீ நிக்கிறியே, அதுதான் சாமி" என்றார். அழவில்லை. கொஞ்சம் மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

காரில் திரும்பும்போது, "ஹோட்டலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். சொந்த ஊரில் படுக்க இடமில்லாமல் போன வருத்தம் எந்த விடுதியாலும் தீராது. ஆனால் அந்த வருத்தத்தாலேயே ஊர்ப்பக்கம் போகாமல் இருந்துவிடும் குடும்பங்கள் பல. பெரியவர்களுக்கு நடக்கத் தெம்பிருக்கும்போதே, பிள்ளைகள் கேள்வி கேட்கும் வயதிலேயே போய்விடுங்கள். அடுத்த விடுமுறைக்கு இன்றே தொலைபேசியை எடுங்கள். முதல் அழைப்பு சின்னம்மாவுக்கு, இரண்டாவது அழைப்பு விடுதிக்கு.