உஷார்! ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரா நீங்கள்?

நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோ செய்தார்கள். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கண்டம் தாண்டியாச்சு" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள்.

இன்னும் முழுசாகத் தாண்டவில்லை. இதைப் படித்துவிட்டு அப்புறம் நிம்மதியாக இருங்கள்.

அடைப்பு நீங்கியது உண்மை. ஆனால், ஸ்டென்ட்டை உள்ளே கொண்டுபோக மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ ரத்தக்குழாயில் துளை போட்டார்களே, அது முழுசாக ஆற நாளாகும். இதயத்தில் உட்கார்ந்திருக்கும் கம்பி வலையை உடம்பு ஏற்றுக்கொள்ள மாதக்கணக்காகும். அதுவரை கவனம் வேண்டும்.

திருப்புட்குழி பக்கம் ஒருவர். பெயர் வேண்டாம். தறி நெய்கிறவர். தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாளே, "சும்மா இருந்தா கூலி வருமா?" என்று தறிக்குழியில் இறங்கிவிட்டார். இடுப்பை மடக்கி உட்கார்ந்து நாள் முழுக்கக் காலால் மிதித்தார். சாயங்காலம் இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

வெளியே சொல்கிற இடமா அது? லுங்கியை இழுத்து மூடிக்கொண்டார். மனைவி கேட்டதற்கு "நெறி கட்டியிருக்கு" என்றார். அந்தம்மாவும் பாவம், உப்பு ஒத்தடம் கொடுத்தார். மறுநாள் தொடை முழுக்கக் கன்றிக் கறுத்துவிட்டது.

நல்லவேளை, பக்கத்துத் தெருக்காரர் நலம் விசாரிக்க வந்தார். அவரும் ஸ்டென்ட் வைத்தவர். முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்: "கூச்சப்படாம சொல்லுங்க மாமா. வீங்கியிருக்கா? கை வெச்சா துடிக்குதா?"

துடித்தது. உடனே 108-ஐக் கூப்பிட்டார்கள். துளை மூடாமல் ரத்தம் கசிந்து, குழாய்க்கு வெளியே பையாகக் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அந்தப் பை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஊசி போட்டு அடைத்தார்கள். மனிதர் பிழைத்தார்.

அதோடு விட்டதா? சில மாதம் கழித்துப் பல்வலி. பல்லைப் பிடுங்க வேண்டும். அதே பக்கத்துத் தெருக்காரர், அதே அக்கறையோடு சொன்னார்: "அந்த மாத்திரையை ஒரு வாரம் நிறுத்துங்க மாமா. நான் நிறுத்தினேன், ஒண்ணும் ஆகல."

இங்கேதான் உஷார்!

ஆஸ்பிரின் ஒன்று, அதோடு குளோபிடோகிரல் அல்லது டிகாக்ரெலர் ஒன்று. கம்பி வலையில் ரத்தம் உறையாமல் காப்பது இந்த இரண்டும்தான். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரு வருடம் தருகிறார்கள். அதன் பிறகும் ஒன்று தொடரும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். அப்போது வருவது பெரிய மாரடைப்பு. பக்கத்துத் தெருக்காரருக்கு ஒன்றும் ஆகாதது அவர் அதிர்ஷ்டம். உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

தறி நெய்கிறவரின் மனைவி விடவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப்போய்ப் பல் டாக்டரிடம் காட்டினார். அவர் ஹார்ட் டாக்டரிடம் போனில் பேசினார். மாத்திரையை நிறுத்தாமலேயே பல்லை எடுத்தார்கள்.

நோய் கண்டவருக்கு, அதே நோய் கண்டவர் பேச்சு பெரிய தெம்பு. ராத்திரியில் வரும் பயம் அவருக்குத்தான் புரியும். அந்தத் துணையை விட்டுவிடாதீர்கள். தைரியத்தை அவரிடம் வாங்குங்கள். மாத்திரைக் கணக்கை டாக்டரிடம் மட்டும் கேளுங்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்:

• மறுபடி நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல். "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.
• துளை போட்ட இடத்தில் ரத்தம், பெரிதாகும் வீக்கம், துடிப்பு.
• அந்தக் கையோ காலோ சில்லிடுவது, வெளுப்பது, மரத்துப்போவது.
• காய்ச்சல், துளையில் சிவப்பு, சீழ்.
• தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி.
• சிறுநீர் குறைவது, கால் வீங்குவது. ஆஞ்சியோவுக்குப் போட்ட சாய மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.
• வாய் கோணுவது, பேச்சு குழறுவது.

ரத்தம் கொட்டினால்? படுக்க வையுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வீக்கத்தை நீவக் கூடாது. ஒத்தடமும் கூடாது.

முதல் ஒரு வாரம் நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். குந்தி உட்காராதீர்கள். புண் ஆறும்வரை கிணற்றிலோ ஜடாயு தீர்த்தம் போன்ற குளத்திலோ முங்கிக் குளிக்காதீர்கள். மூட்டுவலிக்கு என்று மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்லதுதான். அதிலேயே ஸ்டென்ட் மாத்திரையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே கேளுங்கள்.

நெஞ்சுவலி திரும்பினால் சென்னைக்குக் கார் தேடி அலையாதீர்கள். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவசர மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்பதையும், அன்று போட்ட மாத்திரைகளையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்று ராத்திரி படுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். மாத்திரை எத்தனை நாளைக்கு மிச்சம் என்று எண்ணுங்கள். ஒரு வாரத்துக்கும் குறைவா? நாளைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது!